விலை படியாத புறா

என் வீட்டுக்காரர் கர்ஸோவுக்கு உலகத்துல ரெண்டே வேலை. காலையில புறாக் கூண்டைக் கம்பத்துல ஏத்தறது, சாயங்காலம் இறக்கறது. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? ஜாவாவுல, சோலோ ஊர்ல, எங்க லாவியான் தெருவுல பாதி வீட்டுக் கதை இதுதான். துணியில மெழுகால கோலம் வரையறது, சாயம் முக்கறது, சந்தைக்குப் போய் விக்கறது எல்லாம் பொம்பளைங்க. பொட்டிச் சாவி எங்க இடுப்புல. ஆம்பளைங்க குளிச்சு முழுகி, நல்லா உடுத்திக்கிட்டு, புறா கூவறதைக் கேட்டுத் தலையாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. சோலோ அரண்மனைக்காரங்க இதைச் சொல்லிச் சிரிப்பாங்க. சிரிச்சுட்டு எங்ககிட்டயே வந்து துணி எடுப்பாங்க.

எங்க சந்தை வாரத்துக்கு ஏழு நாள் இல்லை, அஞ்சே நாள், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு. அதுல லெகி நாள் வந்துடக் கூடாது, பறவைச் சந்தைக்குப் போறேன்னு விடியும்போதே கிளம்பிடுவாரு. வெயில் ஏறினதும் வெறுங்கையை வீசிக்கிட்டு வருவாரு. எங்க புறான்னு கேட்டா, "விலை படியலை ருக்கி"ம்பாரு. வருஷக்கணக்கா ஒரு மனுஷனுக்கு விலை படியாமலே போகுமா? ஒருநாள் பொறுக்க மாட்டாம, உங்களையே கூண்டுல வெச்சு வித்தாலும் விலை படியாதுன்னு சொல்லிட்டேன். அதுக்கும் சிரிச்சாரு. அவரோட சண்டை போடறது தண்ணியைக் குத்தற மாதிரி.

அந்தச் சந்தை நாளுங்கதான் எங்கிட்ட வேலை செய்யற பொண்ணுங்கள்ல பாதிப் பேருக்குப் பேரு. போன் நாள்ல பிறந்தவ போனியெம். வாகே நாள்ல பிறந்தவ வாகினா. எங்க ஊர்ல பேருக்காக யாரும் மண்டையை உடைச்சுக்கறதில்லை. பிள்ளை எந்த நாள்ல வெளிய வருதோ, அதுவே பேரு.

இப்படிப்பட்ட மனுஷன்தான் சங்கத்துல சேர்ந்தாரு.

மொதல்ல அது சங்கமே இல்லை. காயப்போட்ட துணி ராத்திரியில களவு போய்க்கிட்டிருந்துச்சு. மூணு மாசம் உக்காந்து வரைஞ்ச துணி காலையில கொடியில இல்லைன்னா வயிறு எரியுமா எரியாதா? அதுக்காக ஆம்பளைங்க முறை போட்டுக் காவல் சுத்த ஆரம்பிச்சாங்க. சுத்தினவங்க எங்க தெரு ஹாஜியார் ஒருத்தர் வீட்டு முற்றத்துல உக்காந்து காப்பி குடிச்சாங்க, பேசினாங்க. ஒருத்தன் வீட்டுல சாவுன்னா எல்லாரும் போறது, ஒருத்தனுக்குக் கஷ்டம்னா எல்லாரும் தாங்கறது, அல்லாவுக்கு முன்னால தவிர எவன் முன்னாலயும் மண்டி போடறதில்லைன்னு சத்தியம் பண்ணிக்கிட்டாங்க. முஸ்லிம் வியாபாரிகள் சங்கம்னு பேரு வெச்சாங்க. அப்புறம் வியாபாரத்தை எடுத்துட்டு, இஸ்லாம் சங்கம், சரேகாத் இஸ்லாம்னாங்க. அவ்வளவுதான், காட்டுத்தீ. வண்டிக்காரன், கரும்பு வெட்டறவன், பள்ளிவாசல்ல ஓதிக் குடுக்கறவன்னு கூட்டம் கூட்டமா வந்து சேர்ந்தான். எங்களை ஆண்ட டச்சுக்காரனுக்குத் தூக்கம் போச்சு.

எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது. புறா வளர்க்கறவங்கல்லாம் சேர்ந்து டச்சுக்காரனைக் கூண்டுல அடைக்கப் போறாங்களாக்கும்னு கேலி பண்ணுவேன். ஆனா ஒண்ணு, பொய் சொல்லக் கூடாது. அதிகாரிங்க வந்தா குந்திக் குந்தியே நகர்ந்து போய்க் கும்பிட்டுக்கிட்டிருந்த மனுஷன், சங்கத்துல சேர்ந்த பிறகு நிமிர்ந்து நடந்தாரு. முதுகு நேரா இருந்தா எங்க வீட்டுக்காரர் இவ்வளவு உசரம்னு எனக்கே அப்பத்தான் தெரிஞ்சது.

அந்த வருஷம் நோன்பு பிறக்க நாலஞ்சு நாள் இருக்கும்போது டச்சுத் துரை சங்கத்துக்குத் தடை போட்டுட்டாரு. வீடு வீடாச் சோதனை. என் சாயப் பானையிலகூடக் கைய விட்டுப் பார்த்தான் ஒருத்தன். கை நீலமாகித் திட்டிக்கிட்டே போனான், எனக்குச் சந்தோஷம். எங்கயும் கூட்டம் கூடக் கூடாது, செத்தவங்களுக்காக நோன்புக்கு முன்னால சோறு போடற விருந்துகூட வீட்டுல கூடாதுன்னாங்க. கல்யாணம், சுன்னத்து, பிள்ளைப்பேறு, சாவு, இதுக்கு மட்டும் போலீஸ்ல சொல்லிட்டு ஆளுங்களைக் கூப்பிடலாம்.

இதுல ஒரு வேடிக்கை. சங்கத்தோட விதிகளை மாத்தி எழுதிட்டாங்க, அதை ஒவ்வொரு தெரு ஆளுங்களும் கேட்டு ஒத்துக்கிட்டா தடை நீங்கும்னு தலைவருங்ககிட்டேர்ந்து தகவல் வந்துச்சு. ஒத்துக்கணும்னா கூடணும். கூடினா ஜெயில்.

எங்க வீட்டு முற்றம்தான் பெரிசு. என் வாய்க்குப் பயந்து போலீஸ்காரனும் சீக்கிரம் உள்ள வர மாட்டான். அதனால நம்ம வீட்டுலன்னு முடிவு பண்ணிட்டாங்க, என்னைக் கேக்காமலே.

நான் அன்னைக்குச் சந்தையிலேர்ந்து வர்றேன். வழியில கஷாயக்காரி என்னை நிறுத்தி, மஞ்சள் போட்ட கஷாயம் ஒரு குவளை ஊத்தி, குடிங்கம்மா உடம்புக்கு நல்லதுன்னா. காசும் வாங்கல. கிறுக்குப் பிடிச்சிடுச்சு பாவம்னு நினைச்சேன். அடுத்த வீட்டுக்காரி சுவத்து மேல எட்டிப் பார்த்து, பாரம் எதுவும் தூக்காதீங்கன்னா. வீட்டுக்குள்ள வந்தா, என் மெழுகுப் பொண்ணுங்களுக்குத் தலைவி சினெம், முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு நிக்கறா. என்னடின்னு அதட்டினேன்.

"ஐயாவைக் கேளுங்கம்மா," ன்னா. "உங்களுக்கு ஏழு மாசமாம்."

நடந்தது இதுதான். பாய் சுமந்துக்கிட்டு வந்த ஆளைப் பார்த்துட்டு போலீஸ் அதிகாரி ராடன் மாங்குன் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னிருக்காரு. எதுக்கு இத்தனை பாய்னு கேட்டிருக்காரு. கட்டிக் குடுக்கப் பொண்ணில்லை, சுன்னத்துக்குப் பையனில்லை, நல்லவேளை யாரும் சாகவுமில்லை. என் வீட்டுக்காரர் முழிச்சுட்டு, "என் சம்சாரத்துக்கு ஏழாம் மாசம் ஐயா, நாளன்னைக்கு நீராட்டு" ன்னுட்டாரு. எனக்கு அப்ப வயசு நாப்பத்தி நாலு. உடம்பு மெழுகால வரையற குழல் மாதிரி ஒல்லி. அதிகாரி ஏற இறங்கப் பார்த்துட்டு, ரொம்ப சந்தோஷம், தண்ணி ஊத்தற ஏழு சுமங்கலியில ஒருத்தியா என் சம்சாரம் குந்தாரியும் வருவான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஆசீர்வாதம் பண்ணவா அனுப்பறாரு? வயித்தைப் பார்த்துட்டு வரத்தான்.

மத்த எந்தப் பொய்யா இருந்தாலும் நான் சிரிச்சிருப்பேன். இதுக்கு எனக்குச் சிரிப்பு வரலை.

கல்யாணமான மூணாம் வருஷம் எனக்கு ஒண்ணு தங்கிச்சு. ஏழாம் மாச நீராட்டுக்கு ஏழு துணி வேணும். ஒவ்வொண்ணா இடுப்புல சுத்தி, கூடி நிக்கற பொம்பளைங்க பொருந்தலை பொருந்தலைன்னு தள்ளிவிட்டு, ஏழாவதுக்குத்தான் பொருந்திச்சுன்னு சொல்லுவாங்க. அந்த ஏழையும் என் கையாலயே வரைஞ்சேன், வயித்துல உதைச்சா கை ஆடிடுமேன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு. ஆறாம் மாசக் கடைசியில எல்லாம் போயிடுச்சு. மருத்துவச்சி அதைத் துணியில சுத்தி அவர் கையில குடுத்தா. நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டேன். ஆணா பொண்ணான்னு கேக்கலை. எங்க அடக்கம் பண்ணினீங்கன்னும் கேக்கலை. ஏழு துணியையும் தேக்குப் பொட்டியில போட்டுப் பூட்டி, சாவியை அவர்கிட்ட நீட்டி, ஆத்துல போட்டுட்டு வாங்கன்னேன். போயிட்டு வந்தாரு. அதுக்கப்புறம் நாங்க அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. இருபத்தோரு வருஷம்.

அதனால கூண்டுக்குக் கீழ தலை குனிஞ்சு உக்காந்திருந்த அந்த மனுஷன் முன்னால போய் நின்னேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டணும்னுதான் போனேன். வந்தது இவ்வளவுதான்.

"வேற எந்தப் பொய்யும் கிடைக்கலையா உங்களுக்கு?"

"கிடைக்கலை ருக்கி," ன்னாரு. "அதுதான் வாயில வந்துச்சு. இப்பவே போய்ப் பொய்னு சொல்லிடறேன். என்னை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போகட்டும்."

சொல்லுவாரு, எனக்குத் தெரியும். ஆனா அவரோட நிக்குமா? பாய் தூக்கினவன், அழைப்பு சொன்னவன்னு தெரு முழுக்க இழுத்துட்டுப் போவாங்க. எங்க தெருவுல பிறந்த சங்கம் எங்க தெருவுலயே செத்துப்போகும். அதைவிட, அந்த முதுகு மறுபடி வளையறதை என்னால பார்க்க முடியாதுன்னு தோணிச்சு. சுத்தியலை எடுத்துட்டு வாங்க, அந்தப் பொட்டியை உடைக்கணும்னு சொன்னேன்.

அவரு சுத்தியல் எடுக்கப் போகலை. கூண்டை இறக்கினாரு. அடித்தட்டை நகர்த்தி, உள்ளேர்ந்து ஒரு சாவியை எடுத்து என் கையில வெச்சாரு. துருவே இல்லை.

பொட்டியைத் திறந்தா, பூச்சி அரிச்ச நாத்தம் வரும்னு மூக்கைப் பொத்திக்கிட்டேன். வெட்டிவேர் வாசனை வந்துச்சு, இந்த மழைக்குப் பிடுங்கினது போல. துணியைப் பிரிச்சுப் பார்த்தேன். எங்க தொழில்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், மடிச்ச துணியை அப்படியே விட்டா மடிப்பு வெளுத்து, கிழிஞ்சு போயிடும். வருஷா வருஷம் எடுத்துக் காத்தாட விட்டு, மடிப்பை மாத்தி மாத்தி மடிக்கணும். ஏழு துணியிலயும் ஒரு மடிப்புகூட வெளுக்கலை. புறாவை ஏத்தி இறக்கறதைத் தவிர ஒண்ணும் தெரியாத ஆளுன்னு யாரைச் சொன்னேனோ, அவரு செஞ்ச வேலை. திரும்பிப் பார்த்தேன். அவரு புறாவுக்குத் தினை போட்டுக்கிட்டிருந்தாரு, ரொம்பக் கவனமா.

நீராட்டு நாள் வந்துச்சு. முன்கட்டுல ஆம்பளைங்க, நடுவுல மூங்கில் தட்டி, பின்கட்டுல நாங்க. தெருப் பொம்பளைங்க அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும், ஒருத்தி வாய் திறக்கலை. சட்டைக்குள்ள தலகாணி வெச்சுக்கலாம்னு சினெம் யோசனை சொன்னா. தண்ணி ஊத்தினா தலகாணியோட கதி என்னடின்னு கேட்டு, வேண்டாம்னுட்டேன். பூ மிதக்கற பானைக்குப் பக்கத்துல, மெல்லிசா ஒரு துணியைக் கட்டிக்கிட்டு முக்காலியில உக்காந்தேன். முதல் குடுவை விழுந்ததும் துணி உடம்போட ஒட்டிக்கிச்சு. என் வயிறு பலகை மாதிரி தட்டையா எல்லார் கண்ணுக்கும் முன்னால இருந்துச்சு.

குந்தாரி நாலாவதா வந்தாங்க. என்னைவிடப் பத்து வயசு சின்னவங்க, கழுத்துல தங்கம், முகத்துல ஒண்ணும் காட்டாத பெரிய வீட்டுப் பழக்கம். குடுவையைத் தூக்கினாங்க. பார்த்தாங்க. கை அப்படியே நின்னுடுச்சு. தட்டிக்கு அந்தப் பக்கம் அவங்க வீட்டுக்காரர் இருமினது கேட்டுச்சு.

அவங்க கண்ணு என் வயித்துலேர்ந்து, தட்டுல அடுக்கி வெச்சிருந்த ஏழு துணிக்குப் போச்சு.

"இதெல்லாம் எப்ப வரைஞ்சது?" ன்னு ரொம்ப மெதுவா கேட்டாங்க.

"இருபத்தோரு வருஷம் ஆச்சு."

"அந்தப் பிள்ளை?"

"வரலைம்மா. நீராட்டு வரைக்கும் வரலை."

அவங்க குடுவையைச் சாய்ச்சு என் உச்சந்தலையில ஊத்தினாங்க. மத்தவங்க ஊத்தின மாதிரி கடமைக்கு இல்லை. ஒரு கையால தலையைத் தடவிக்கிட்டே, குடுவை காலியாகற வரைக்கும்.

அடுத்தது செவ்விளநி. வயித்துக்கு நேரா துணிக்குள்ள விட்டு, கீழ ஒருத்தி ஏந்திப் பிடிப்பா, பிள்ளை சுகமா இறங்கணும்னு. அது வயித்தை உரசிக்கிட்டு இறங்கிச்சு பாருங்க, அப்ப அழுதேன். நடிப்புக்குன்னு அழலை. இருபத்தோரு வருஷமா சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தவ அப்பத்தான் திரும்பினேன்னு வெச்சுக்கங்க. சினெம் அந்த இளநியைப் பிள்ளை மாதிரியே மார்போட அணைச்சு, வெட்டறதுக்காக முன்கட்டுக்குக் கொண்டுபோய் அவர் கையில குடுத்தா.

எனக்கு ஒவ்வொரு துணியா மாத்தினாங்க. பொருந்தலை, பொருந்தலைன்னு பொம்பளைங்க சொல்லிக்கிட்டே வந்தாங்க. ஆறாவது துணியில இருக்கும்போது, முன்கட்டுல அதிகாரி குரல் கேட்டுச்சு. சாதாரணமா விசாரிக்கற மாதிரிதான் கேட்டாரு. ஆனா பொய் சொல்றவன் தடுமாறற இடம் எதுன்னு அவருக்குத் தெரியும்.

"பேரு யோசிச்சாச்சா கர்ஸோ? ஆணுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு வெச்சிருப்பியே."

என் வீட்டுக்காரர் தடுமாறலை. யோசிக்கக்கூட இல்லை.

"பொண்ணுதான் ஐயா. லெகினா."

பின்கட்டுல அத்தனை பொம்பளைங்களும் மூச்சை நிறுத்திட்டாங்க. எங்க ஊர்க்காரங்க யாருக்கும் அது விளங்கும். முன்கட்டுல அதிகாரிக்கும் விளங்கிடுச்சு. ராடன் மாங்குன் டச்சுக்காரன் சட்டை போட்டிருந்தாலும் ஜாவாக்காரர்தானே.

"பிறக்காத பிள்ளைக்கு எந்தச் சந்தை நாள்னு உனக்கு எப்படித் தெரியும்?" ன்னாரு. இப்ப குரல்ல விசாரிப்பு இல்லை, போலீஸ் இருந்துச்சு.

இருபத்தஞ்சு முப்பது ஆம்பளைங்க சாப்பாட்டுக் கூடைக்கு முன்னால உக்காந்திருக்காங்க. எல்லாரோட தலையும் அந்த ஒரு பதில்ல தொங்குது. ஒரு பொய் சொன்னா போதும், மனுஷன் எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அவரால முடியலை. அந்த விஷயத்துல மட்டும் அவரால முடியலை.

"லெகி நாள்லதான் பிறந்துச்சு ஐயா," ன்னாரு. "என் கையில ரெண்டு மூச்சு விட்டுச்சு. நான்தான் பேரு வெச்சேன்."

நான் அந்தத் தட்டியைப் பிடிச்சுக்கிட்டேன். பொண்ணு. மூச்சு விட்டிருக்கு. அதுக்கு ஒரு பேரு இருக்கு, இத்தனை வருஷமா அந்தப் பேரை அவரு தனியா வெச்சுக்கிட்டு இருந்திருக்காரு.

அப்ப குந்தாரி ஏழாவது துணியைத் தட்டுலேர்ந்து எடுத்தாங்க. யாரையும் கிட்ட விடாம, அவங்களே என் இடுப்புல சுத்தி, மடிச்சுச் செருகி, "பொருந்திச்சு" ன்னு உரக்கச் சொன்னாங்க. முன்கட்டுக்குக் கேக்கணும்னே சொன்னாங்க. அப்புறம் தட்டியை விலக்கிக்கிட்டு வெளிய போனாங்க. பெரிய வீட்டுப் பொம்பளை அப்படி ஆம்பளைங்க நடுவுல வந்து நிக்கறதை நான் முன்னயும் பார்த்ததில்லை, பின்னயும் பார்த்ததில்லை.

"என்னங்க, நான் தண்ணி ஊத்தியாச்சு. இந்தப் பிள்ளைக்கு வேண்டியது எல்லாம் முறைப்படி நடந்திருக்கு. வாங்க, போகலாம்."

அதிகாரி அவங்க முகத்தைப் பார்த்தாரு. இளநியை மடியில வெச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தாரு. சுத்தி உக்காந்திருந்தவங்களையும் ஒரு தடவை பார்த்தாரு, யார் யாருன்னு அவருக்குத் தெரியாதா என்ன? அப்புறம் எழுந்து, சாப்பாட்டுக் கூடையைக் கையில எடுத்துக்கிட்டாரு. கூடையை வாங்கிக்கிட்டா விருந்தை ஒத்துக்கிட்டதா அர்த்தம். சம்சாரத்துக்குப் பின்னால நடந்து போயிட்டாரு.

அவங்க தெருக்கோடி தாண்டினதும் முன்கட்டுல துஆ ஓதினாங்க, லெகினாவுக்கும் சேர்த்து. அப்புறம் புது விதிகளைப் படிச்சாங்க, எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. நோன்பு பாதி ஆகும்போது தடை நீங்கிடுச்சு. எங்க தெருவுல மட்டுமா, ஜாவா முழுக்க எத்தனை தெருவுல எத்தனை பேர் என்னென்ன பாடுபட்டாங்களோ, எல்லாம் சேர்ந்துதான் நீங்கியிருக்கும். எங்க வீட்டுல நடந்தது இது.

அன்னைக்கு எல்லாரும் போன பிறகு அவரு பக்கத்துல போய் உக்காந்தேன். ஏழாவது துணி இடுப்புலயே இருந்துச்சு. எதை முதல்ல கேக்கறதுன்னு தெரியலை. பொண்ணு எங்க இருக்கான்னு கேட்டேன்.

"ஆத்தங்கரை மகிழமரத்துக்குக் கீழ," ன்னாரு. "வர்றியா? நாளைக்கு லெகி நாள்."

பிறகுதான் எனக்கு உறைச்சது, லெகி நாள் தவறாம அவரு போன பறவைச் சந்தை எதுன்னு.

போனேன். முழங்கை நீளம்கூட இல்லை அந்த மேடு. ஒரு புல் இல்லாம, சுத்தி வெள்ளைக் கூழாங்கல் பதிச்சு, பூ தூவி. நான் பெருக்கறேன்னு விளக்குமாத்தை வாங்கினேன். பெருக்க ஒண்ணுமே இல்லை அங்க. இருந்தும் ரொம்ப நேரம் பெருக்கினேன். அவரு பக்கத்துல குந்தி உக்காந்து, நான் அழுது முடிக்கற வரைக்கும் என் முதுகைத் தடவிக்கிட்டே இருந்தாரு.

பெருநாளுக்கு அப்புறம் சங்கத்துல பெரிய விருந்து வெச்சாங்க. ஊர் கொள்ளாத கூட்டம், பாயே போதலை. பொம்பளைங்களுக்கும் தனியா இடம் போட்டிருந்தாங்க. அன்னைக்கும் லெகி நாளாப் போச்சு, நாங்க ரெண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்துக் கடைசியா வந்து சேர்ந்தோம். சினெம் எனக்காக இடம் பிடிச்சு வெச்சுக்கிட்டு, எங்கம்மா போனீங்க இவ்வளவு நேரம்னு கேட்டா. பறவைச் சந்தைக்குன்னேன். என் வெறுங்கையைப் பார்த்துட்டு, எங்கம்மா புறான்னா.

"விலை படியலைடி," ன்னு சொல்லிட்டு அவ பக்கத்துல உக்காந்தேன்.